பாடாந்தரம் என்றால் என்ன? வாலாஜாபேட்டை வேங்கடரமண பாகவதரை வைத்து ஒரு விளக்கம்

மதுரையில் பிள்ளையைப் பாட்டு வகுப்புக்கு அனுப்புகிற பெற்றோர் என்றாவது ஒருநாள் கேட்டுவிடுகிற கேள்வி ஒன்று உண்டு. "மிஸ், யூடியூப்ல இந்தப் பாட்டு வேற மாதிரி இருக்கே, நீங்க சொல்லிக் கொடுத்தது சரிதானா?" மிஸ் கோபப்படாதவராக இருந்தால் சிரித்துக்கொண்டே, "அது அவங்க பாடாந்தரம், நமக்கு இப்படித்தான்" என்பார். அதோடு பேச்சு முடிந்துவிடும். கேட்டவருக்கு ஒன்றும் விளங்கியிருக்காது, மிஸ்ஸுக்கும் அடுத்த வகுப்புக்கு நேரமாகியிருக்கும்.

சரி, அதை இங்கே கொஞ்சம் விரித்துப் பார்க்கலாம். ராகம், தாளம் பற்றி அதிகம் தெரிந்திருக்க வேண்டியதில்லை. ஒரே பாட்டை இரண்டு பேர் பாடிக் கேட்டிருந்தால் போதும்.

ஒரு குருவிடமிருந்து சீடருக்கு, அவரிடமிருந்து அவர் சீடருக்கு என்று வாய்வழியாக வந்து சேர்ந்த ஒரு பாட்டின் குறிப்பிட்ட வடிவத்தைத்தான் பாடாந்தரம் என்கிறோம். பாட்டு ஒன்றுதான், இயற்றியவரும் ஒருவர்தான். ஆனால் அது வந்த வழி வேறு வேறு. வழி மாறும்போது பாட்டில் சில இடங்கள் மாறியிருக்கும்.

எந்தெந்த இடங்கள்? முதலில் சங்கதி. தியாகராஜரின் கரகரப்பிரியா ராகக் கீர்த்தனையான 'சக்கனி ராஜ'வை எடுத்துக்கொள்ளுங்கள். பல்லவியின் முதல் வரியைப் பாடகர் திரும்பத் திரும்பப் பாடுவார், சொற்கள் அதேதான், தாளக் கணக்கும் அதேதான், ஆனால் ஒவ்வொரு முறையும் ராகத்தை இன்னும் கொஞ்சம் திறந்து காட்டிக்கொண்டே போவார். அந்த ஒவ்வொரு அடுக்கும் ஒரு சங்கதி. ஒரு பள்ளியில், அதாவது ஒரு குரு வழியில், வந்தவர் பாடுகிற சங்கதியை இன்னொரு பள்ளிக்காரர் பாடவே மாட்டார், வரிசையும் மாறும். அப்புறம், தாளத்தில் பாட்டை எந்த இடத்தில் தொடங்குகிறோம் என்கிற எடுப்பு, எவ்வளவு நிதானமாகப் பாடுகிறோம் என்கிற காலப்பிரமாணம், சரணத்தில் ஒன்றிரண்டு சொற்கள் என்று வித்தியாசம் போய்க்கொண்டே இருக்கும். சில பாட்டுகளில் ராகமே மாறிவிடும்.

ராகம் மாறுவதா என்று திகைக்க வேண்டாம், எல்லோருக்கும் தெரிந்த உதாரணமே இருக்கிறது. தியாகராஜரின் 'நகுமோமு' என்றதும் ஆபேரி ராகம் என்போம். இன்று நாம் கேட்கிற ஆபேரியில் இறங்கி வரும்போது வருகிற தைவதம், அதாவது ஸ ரி க ம ப த நி-யில் வருகிற 'த', சதுச்ருதி தைவதம் என்கிற வகை. பழைய கணக்குப்படி ஆபேரிக்கு உரியது சுத்த தைவதம், முத்துசுவாமி தீட்சிதரின் 'வீணாபேரி'யில் அதுதான் இருக்கிறது. ஹார்மோனியத்தில் இரண்டும் பக்கத்துப் பக்கத்துக் கட்டைகள். ஒரு கட்டை தள்ளிப் போனதற்கு இவ்வளவு பேச்சா என்று தோன்றலாம். தம்புராவைப் போட்டுவிட்டு இரண்டையும் அடுத்தடுத்துப் பாடச் சொல்லிக் கேட்டுப் பாருங்கள், பாட்டின் முகமே வேறாகத் தெரியும். இன்றைய வடிவம் முசிறி சுப்பிரமணிய ஐயரின் கிராமபோன் தட்டு மூலமாக ஊரெல்லாம் பரவியது என்பார்கள். பழைய இலக்கணம் பார்ப்பவர்கள் இன்றைய வடிவத்துக்குக் கர்நாடக தேவகாந்தாரி என்று பெயர் சொல்வார்கள். அவர்கள் சொல்வது ஏட்டில் சரி. ஆனால் ஊர் காது ஒரு தைவதத்துக்குப் பழகிவிட்ட பிறகு, சபாவில் உட்கார்ந்து பழையதைப் பாடினால் பாடகர் பிசகிவிட்டார் என்றுதான் பாதிப் பேர் நினைப்பார்கள். 'பண்டுரீதி'யில் ஹம்ஸநாதமும் இப்படித்தான்; முன்பு இருந்த ஒரு தைவதம் இன்று பாடுவோர் வாயிலிருந்து ஏறக்குறைய முழுதாகவே நழுவிவிட்டது.

இப்போது அடுத்த கேள்விக்கு வருவோம். தியாகராஜர் ஒருவர்தானே, அவர் பாடியதை அப்படியே எழுதி வைத்திருந்தால் இத்தனை வடிவம் வந்திருக்காதே?

அவர் வாழ்ந்தது 1767 முதல் 1847 வரை. பாடியதைப் பதிவு செய்ய எந்தக் கருவியும் இல்லாத காலம். பாடாந்தரத்தின் கதை அவர் முன்னே உட்கார்ந்திருந்த சீடர்களிடம்தான் தொடங்குகிறது. அந்தச் சீடர்களில் நம் மதுரையோடு நேரடியாகத் தொடர்புள்ள ஒருவர் இருக்கிறார், வாலாஜாபேட்டை வேங்கடரமண பாகவதர். தியாகராஜர் பெயர் தெரிந்த நூறு பேரில் இவர் பெயர் தெரிந்தவர் நாலைந்து பேர் இருந்தால் ஆச்சரியம். மதுரையில் சௌராஷ்டிரக் குடும்பங்களில் கேட்டால் கணக்கு கொஞ்சம் கூடும், ஏனென்றால் அவர் அந்தச் சமூகத்தவர்.

1781-இல் அரியலூரில் பிறந்தவர். குடும்பம் தஞ்சாவூரை அடுத்த அய்யம்பேட்டைக்கு வந்து சேர்ந்தது. அய்யம்பேட்டை பட்டு நெசவு ஊர். அங்கிருந்து திருவையாறுக்கு நடந்தே போய்த் தியாகராஜரிடம் பாடம் கேட்டார். ஒன்றிரண்டு வருடமல்ல, இருபத்தைந்து வருடங்களுக்கும் மேல். இடையில் ஆறுகளைக் கடக்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் அந்தப் பக்கம் தண்ணீர் எப்படிப் போகும் என்று பார்த்தவர்களுக்குத்தான் அந்த நடையின் பாடு தெரியும். முதலில் வெறும் பணிவிடை செய்துகொண்டு ஓரமாக நின்று கேட்டவர், பிறகுதான் சீடராக உள்ளே வந்தார் என்று ஒரு கதையும் சொல்வார்கள். கதை எப்படியோ, பிறகு அவர் செய்த வேலை கண்முன்னே இருக்கிறது: குரு பாடிய கீர்த்தனைகளை எழுதி வைத்தார்.

எழுதி வைத்தது என்று ஒரே சொல்லில் சொல்லிவிடுகிறோம். அதில் என்ன சிரமம் என்று கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். குரு பாடுவது தெலுங்கு. இவருக்கு வீட்டில் சௌராஷ்டிரம், தெருவில் தமிழ், படித்தது தெலுங்கும் சம்ஸ்கிருதமும். குரு இன்று ஒரு சங்கதியைப் போடுவார், அடுத்த வாரம் அதே இடத்தில் இன்னும் அழகாக ஒன்று வந்துவிடும், இரண்டில் எதை எழுதுவது? பாட்டு பிறக்கிற நேரம் தெரியாது, பூஜையில் உட்கார்ந்திருக்கும்போது பிறக்கும். அருகில் இருப்பவர் அந்த நேரத்தில் மனத்தில் வாங்கிக்கொண்டு, சக சீடர்களோடு சேர்ந்து சரிபார்த்து, பிறகுதான் எழுத முடியும். எந்தப் பாட்டு யாருக்குச் சொல்லிக் கொடுக்கப்பட்டது என்பதும் ஒரே மாதிரி இல்லை. ஒருவரிடம் இருந்த பாட்டு இன்னொருவரிடம் இருக்காது. பாடாந்தரங்கள் கிளை பிரிவது இங்கேயே, குருவின் வீட்டுத் திண்ணையிலேயே ஆரம்பித்துவிடுகிறது.

ஐம்பது வயதைத் தாண்டிய பிறகு அவர் அய்யம்பேட்டையை விட்டு வடக்கே வாலாஜாபேட்டைக்குப் போனார். இன்றைய ராணிப்பேட்டை மாவட்டத்தில் இருக்கும் ஊர், அப்போது நெசவும் வணிகமும் செழித்த இடம். வயதான காலத்தில் தியாகராஜர் காஞ்சிபுரம், திருப்பதி, சென்னை என்று யாத்திரை போனபோது சீடரைப் பார்க்க வாலாஜாபேட்டைக்கும் வந்தார். அந்த வரவேற்பில்தான் மைசூர் சதாசிவ ராவ் தோடியில் 'தியாகராஜஸ்வாமி வெடலின' என்ற கீர்த்தனையைப் பாடினார் என்பது வழிவழியாக வருகிற செய்தி. சதாசிவ ராவ் யார் தெரியுமா? நம் பாகவதரின் சீடர். பிறகு மைசூர் அரண்மனையில் பெரிய வித்துவானாக இருந்தவர், மைசூர் வீணை மரபின் வேர்களில் ஒருவர். திருவையாற்றுச் சங்கீதம் மைசூருக்குப் போன பாதைகளில் ஒன்று வாலாஜாபேட்டை வழியாகத்தான் போகிறது.

பாகவதர் தாமும் இயற்றினார். கீர்த்தனைகள், வர்ணங்கள் என்று தெலுங்கிலும் சம்ஸ்கிருதத்திலும், தம் தாய்மொழியான சௌராஷ்டிரத்திலும் அவர் பெயரில் உருப்படிகள் உண்டு. ஆனால் அவர் எழுதியவற்றில் இன்று அதிகம் ஒலிப்பது குருவைப் பற்றிய ஒரு சுலோகம். 'வ்யாஸோ நைகம சர்ச்சயா' என்று தொடங்கும். தியாகராஜ ஆராதனை நடக்கிற இடங்களில் கேட்டிருப்பீர்கள். வேத விசாரத்தில் வியாசர், இனிய சொல்லில் வால்மீகி, வைராக்கியத்தில் சுகர், பக்தியில் பிரகலாதன், சாகித்தியத்திலும் சங்கீதத்திலும் பிரம்மாவும் நாரதரும், ராமநாம அமுதத்தைப் பருகுவதில் சிவனையே வென்றவர் என்று போகும். இதில் எனக்குப் பிடித்தது, இருபத்தைந்து வருடம் பாட்டுக் கேட்ட சீடர் குருவைப் பாட்டுக்காரராக முதலில் சொல்லவில்லை என்பது. சங்கீதம் மூன்றாவது அடியில்தான் வருகிறது, அதுவும் சாகித்தியத்தோடு சேர்ந்து.

அவரும் மகன் கிருஷ்ணசாமி பாகவதரும் தியாகராஜரின் வாழ்க்கைக் குறிப்பையும் எழுதி வைத்தார்கள். இன்று தியாகராஜரைப் பற்றி நாம் சொல்கிற பல சம்பவங்களுக்கு ஆதாரம் அந்தக் குறிப்புகள்தான். 1874-இல் பாகவதர் காலமானார், தொண்ணூறு வயதைத் தாண்டியிருந்தார். குருவை இழந்து இருபத்தேழு வருடம் கழித்து.

மதுரைத் தொடர்பு என்றேனே, அது இங்கேதான் வருகிறது. அவர் வழியில் வந்த ஓலைச்சுவடிகளும் கையெழுத்துப் பிரதிகளும் 'வாலாஜாபேட்டைச் சுவடிகள்' என்ற பெயரில் மதுரை சௌராஷ்டிர சபைக்கு வந்து சேர்ந்தன. தியாகராஜர் கீர்த்தனைகளின் பழைய வடிவம் என்ன என்று தேடுகிற ஆராய்ச்சியாளர்களுக்கு அது முக்கியமான இடம். மஹால் பக்கமோ பத்துத்தூண் சந்திலோ சேலை எடுக்கப் போகிற நாம், திருவையாற்று வீட்டில் பிறந்த பாட்டுகளின் ஏடு நம் ஊருக்கு வந்த கதையை நினைத்துக்கூடப் பார்ப்பதில்லை. மதுரைச் சௌராஷ்டிரர்களுக்குப் பாட்டு புதிதும் இல்லை. இதே ஊரில் பிறந்த நடனகோபால நாயகி சுவாமிகளின் (1843–1914) பாடல்களை மார்கழி பஜனையில் இன்றும் பாடுகிறார்கள், அழகர்கோவில் சாலையில் காதக்கிணற்றில் அவர் சமாதி இருக்கிறது.

அப்படியானால் ஏடு இருக்கிறதே, அதைப் பார்த்து எல்லோரும் ஒரே மாதிரி பாடிவிட்டால் பாடாந்தரச் சண்டையே இருக்காதே என்று கேட்கலாம். நடக்காது. காரணம், நம் சங்கீதத்தை ஏட்டில் எழுதுகிற முறையிலேயே இருக்கிறது. பாட்டு நோட்டு ஒன்றைத் திறந்து பாருங்கள். மேல் வரியில் ஸ ரி க ம என்று ஸ்வரங்கள், கீழ் வரியில் சாகித்தியம். ஒரு காற்புள்ளி போட்டிருந்தால் முன் ஸ்வரம் ஒரு அட்சரம் நீளும், அரைப்புள்ளி போட்டிருந்தால் இரண்டு. ஸ்வரத்தின் தலைக்கு மேல் புள்ளி இருந்தால் மேல் ஸ்தாயி, காலடியில் இருந்தால் கீழ் ஸ்தாயி. மேலே கோடு இழுத்திருந்தால் வேகம் இரட்டிப்பு. அவ்வளவுதான். ஆனால் ஒரு காந்தாரத்தை (க) அசைக்காமல் நிறுத்துவதா, மத்தியமத்தை (ம) தொட்டுவிட்டு அசைத்துக்கொண்டே நிற்பதா என்பது அதில் இருக்காது. அந்த அசைவுக்குக் கமகம் என்று பெயர், நம் சங்கீதத்தின் உயிரே அதில்தான் இருக்கிறது. டவுன் பஸ் போர்டில் பெரியார், சிம்மக்கல், கோரிப்பாளையம் என்று நிறுத்தங்கள் எழுதியிருக்கும், எந்த வளைவில் எப்படித் திரும்ப வேண்டும் என்பது டிரைவருக்குத்தான் தெரியும். ஸ்வரக் குறிப்பும் அப்படித்தான். கமகத்துக்கும் குறியீடு வைத்து எழுத முயன்றவர்கள் உண்டு. நமக்குத் தெற்கே எட்டயபுரத்தில் சுப்பராம தீட்சிதர் 1904-இல் வெளியிட்ட 'சங்கீத சம்பிரதாய பிரதர்சினி'யில் ஒவ்வொரு வகைக் கமகத்துக்கும் தனி அடையாளம் இருக்கிறது. பெரிய வேலை. ஆனாலும் அந்த அடையாளத்தைப் பார்த்து அதைப் பாட, அந்த அசைவை முன்பே காதில் கேட்டிருக்க வேண்டும்.

எழுத்திலும் ஒரு சிக்கல் உண்டு. தமிழில் க ஒன்றுதான், தெலுங்கில் அதற்கு நாலு. அதனால்தான் தமிழில் அச்சான பாட்டுப் புத்தகங்களில் க², க³, த⁴ என்று எழுத்தின் தோளில் எண் போட்டிருப்பார்கள். நோட்டில் அவசரமாக எழுதிக்கொள்கிற பிள்ளை அந்த எண்ணை விட்டுவிடும். அதன் சீடர் எண் இல்லாத நோட்டைப் பார்த்து எழுதிக்கொள்வார். இரண்டு தலைமுறை போதும், தெலுங்குக்காரர் கேட்டால் முகம் சுளிக்கிற ஒரு சொல் நம் பாடாந்தரத்தில் நிரந்தரமாகக் குடியேறிவிடும். இந்த வகை மாற்றத்துக்கு மட்டும் எனக்கு இரக்கம் கிடையாது. சங்கதி மாறினால் அது ஒருவரின் கற்பனை. சொல் சிதைந்தால் அது வெறும் பிழை, பரம்பரை என்று சொல்லிக் காப்பாற்றக் கூடாது.

தியாகராஜரின் சீடர் வழிகளில் மூன்றைச் சேர்த்துச் சொல்வது வழக்கம்: வாலாஜாபேட்டை, உமையாள்புரம், தில்லைஸ்தானம். உமையாள்புரத்தில் கிருஷ்ண பாகவதர், சுந்தர பாகவதர் சகோதரர்கள். அவர்கள் வழியில் உமையாள்புரம் சுவாமிநாத ஐயர், அவரிடமிருந்து மகாராஜபுரம் விசுவநாத ஐயர், செம்மங்குடி சீனிவாச ஐயர் என்று வரும். இந்த மூன்றுக்கு வெளியே மானம்புச்சாவடி வேங்கடசுப்பையர் இருக்கிறார். அவரிடம் பட்டணம் சுப்பிரமணிய ஐயர், பட்டணத்தாரிடம் ராமநாதபுரம் பூச்சி சீனிவாச ஐயங்கார், பூச்சி ஐயங்காரிடம் அரியக்குடி ராமானுஜ ஐயங்கார். நம் பக்கத்து ஊர்களுக்குப் பாட்டு வந்த ராஜபாட்டை இதுதான். ராமநாதபுரமும் அரியக்குடியும் மதுரையிலிருந்து பஸ்ஸில் போய்விட்டு அன்றே திரும்பிவிடலாம். லட்சுமி சுந்தரம் ஹாலில் ஒரு கச்சேரியில் அரியக்குடிப் பாணி என்று யாராவது பக்கத்து நாற்காலியில் முணுமுணுத்தால், அந்தப் பாட்டு இத்தனை கைமாறி வந்திருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம்.

இதில் கவனிக்க வேண்டிய ஒன்று: வாலாஜாபேட்டை வழி ஏட்டில் வலுவாக நின்றது, மேடையில் ஓங்கியது மற்ற வழிகள். இன்று கச்சேரிகளில் நாம் கேட்பது பெரும்பாலும் மானம்புச்சாவடி வழியும் உமையாள்புரம் வழியும் கலந்ததுதான். பாகவதர் வழியில் எழுதி வைத்ததை வேறு பள்ளி வடிவங்களோடு ஒப்பிடுகிறவர்களுக்கு ராகத்திலும் தாளத்திலும்கூட வேறுபாடு தென்படுகிறது. அப்போது ஏட்டில் உள்ளவை எளிமையாக இருப்பதைப் பார்த்து, 'அடடா, இதுதான் அசல்' என்று துள்ளத் தோன்றும். பொறுங்கள். ஒரு சீடர் தமக்கு நினைவுக்குப் போதுமான அளவு எழுதியிருக்கலாம், மிச்சம் வாயில் இருந்திருக்கலாம். ஏட்டில் நாலு சங்கதி இருந்தால் குரு நாலுதான் பாடினார் என்று அர்த்தமில்லை. அதே நேரம், பிற்காலத்து மேடைக்காரர்கள் கைதட்டலுக்காக ஏற்றிய சங்கதிகளும் நிறைய உண்டு, அதையும் தியாகராஜர் தலையில் கட்டக் கூடாது.

ஆகவே 'எது சரி' என்று கேட்பதைவிட 'யாரிடமிருந்து வந்தது' என்று கேட்பது பயனுள்ள கேள்வி. உங்கள் பிள்ளையின் ஆசிரியர் தமக்கு மூன்று தலைமுறை முன்பு வரை குருமார் பெயரைச் சொல்ல முடிந்தால், அந்தப் பாடம் ஒரு வழியில் வந்த பாடம். யூடியூபில் ஐந்து பேரைக் கேட்டு, பிடித்த சங்கதியை ஒவ்வொன்றிலிருந்தும் பொறுக்கி ஒட்டினால் கேட்க நன்றாக இருக்கலாம், ஆனால் அதற்குப் பாடாந்தரம் என்று பெயரில்லை. பெரிய வித்துவான்கள் மற்ற பள்ளிகளிலிருந்து எடுத்துக்கொண்டதில்லையா என்றால், எடுத்துக்கொண்டார்கள், தாராளமாக. ஒரு வழியில் கால் ஊன்றிய பிறகு எடுத்துக்கொண்டார்கள். எட்டாவது படிக்கிற பிள்ளைக்கு அந்த அவசரம் வேண்டாம்.

நீங்களே இதைக் காதால் பிடிக்க வேண்டுமென்றால், தெரிந்த ஒரு கீர்த்தனையை எடுத்துக்கொள்ளுங்கள், 'சக்கனி ராஜ'வே போதும். அரியக்குடி வழியில் வந்த ஒருவர் பாடியது ஒன்று, செம்மங்குடி வழியில் ஒன்று. முழுப் பாட்டையும் ஒப்பிடப் போனால் தலை சுற்றும், பல்லவியை மட்டும் கேளுங்கள். கையில் தாளம் போட்டுக்கொண்டு ஒவ்வொரு சங்கதிக்கும் தாளில் ஒரு கோடு இழுங்கள். இரண்டாவது பதிவில் எந்தக் கோடு குறைகிறது, எந்த இடத்தில் புதிதாக ஒன்று முளைக்கிறது, எது இடம் மாறி வருகிறது என்று தெரிய ஆரம்பிக்கும். அந்தத் தாளை எடுத்துக்கொண்டு அடுத்த வகுப்புக்குப் போய், நாம் பாடுவதில் இந்த மூன்றாவது சங்கதி யார் போட்டது என்று மிஸ்ஸைக் கேளுங்கள். 'சரிதானா' என்று கேட்டபோது சுருக்கமாக முடித்தவர், இந்தக் கேள்விக்கு உட்கார்ந்து அரைமணி நேரம் பேசுவார்.